பாரம் தூக்குமுன்

சுபஹு தொழுதுவிட்டுச் சாய்ந்தமருது, மருதமுனைக் கடற்கரையில் வேகமாக நடப்பவர்களைப் பார்த்தால் மனம் நிறைகிறது. வாரத்துக்கு 150 நிமிட வேக நடை, கூடவே இரண்டு நாள் தசைக்கு வேலை. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களிடம் கேட்பது குறைந்தது இவ்வளவுதான்.

அந்தத் தசைப் பயிற்சிக்குத்தான் சொல்லித்தர ஆள் வேண்டும். ஜிம்முக்குப் போன முதல் நாளே அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். "சீனி, பிரஷர் இருக்கா? என்ன மருந்து பாவிக்கிறீங்க? முழங்கால் நோகுமா?" என்று விசாரித்தால் நம்பிச் சேருங்கள். எடுத்த எடுப்பிலேயே புரோட்டீன் டப்பாவை நீட்டுபவர் வேண்டாம். நல்ல பயிற்றுவிப்பாளர் உடனே பாரம் தரமாட்டார். கதிரையில் கை ஊன்றாமல் இருந்தெழும்பச் சொல்லி, முழங்கால் உட்பக்கம் சாய்கிறதா என்று குனிந்து பார்ப்பார். இன்சுலின் போடுபவர் வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் சீனி சடுதியாக இறங்கலாம். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். அது தெரிந்தவர் பக்கத்தில் இனிப்பு வைத்திருப்பார்.

ராத்தாமாரே, பெண்களுக்குத் தனி நேரமும் பெண் பயிற்றுவிப்பாளரும் உண்டா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். 35 வயதைத் தாண்டியவர்கள் முதலில் அரச வைத்தியசாலையில் சீனியையும் பிரஷரையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் காசு இல்லை.