அடக்கம் வேறு, வாய்மூடி இருப்பது வேறு

(வேலைக்கான நேர்முகத் தேர்வு குறித்து கோத்தா திங்கி இளையோருக்காக நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் வந்திருக்கும் பெற்றோர்களே, தம்பி தங்கைகளே!

சான்றிதழ் நம்மை நேர்முகத் தேர்வு அறையின் வாசல் வரை கொண்டுபோய் விடும். உள்ளே போன பிறகு நமக்காக நாம்தான் பேச வேண்டும். நம் பிள்ளைகள் பலர் தடுமாறுவது அங்கேதான்.

ஏன் தடுமாறுகிறார்கள்? "பெரியவங்க முன்னால வாய் பேசாதே", "உன் பெருமையை நீயே சொல்லாதே" என்று சொல்லித்தான் நாம் அவர்களை வளர்க்கிறோம். வீட்டுக்கு அது நல்ல பழக்கம். ஆனால், மேசைக்கு எதிரே அமர்ந்திருக்கும் அதிகாரி "சிலா பெர்கெனால்கான் டீரி", அதாவது உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள் என்று கேட்கிறார். பெயரையும் ஊரையும் மட்டும் சொல்லிவிட்டுத் தலை குனிந்தால், அதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார். இவரிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்றே நினைப்பார்.

பெருமை அடிப்பது வேறு. செய்ததைச் சொல்வது வேறு. "நான் கடின உழைப்பாளி" என்பதை யாரும் சொல்லலாம். "எஸ்பிஎம் எழுதியபின் ஆறு மாதம் மளிகைக் கடையில் வேலை செய்தேன். தினமும் இரவு கல்லாக் கணக்கை நான்தான் சரிபார்த்துக் கொடுப்பேன்" என்று சொன்னால் அது சான்று. கோயில் திருவிழாவில் அன்னதானப் பொறுப்பை ஏற்றது, பள்ளியில் காற்பந்துக் குழுவை நடத்தியது, அப்பாவோடு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தது எல்லாமே அனுபவம்தான். ஒரு தாளில் இப்படி ஐந்தை எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் வேலை என்ன, சிக்கல் என்ன, நீங்கள் செய்தது என்ன, முடிவு என்ன என்று நான்கு வரி போதும். பாதிக் கேள்விகளுக்குப் பதில் அந்தத் தாளிலேயே இருக்கும்.

எந்த வேலை, எந்தக் கேள்வி?

அரசாங்க வேலை என்றால், பெரும்பாலும் பொதுச் சேவை ஆணையத்தின் நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டும். அங்கே மலாய்தான் பேச்சு மொழி. கடைத்தெருவில் பேசும் மலாய் அந்த அறைக்குப் போதாது. 'சாயா' என்று தொடங்கி, 'துவான்', 'புவான்' என்று மரியாதையோடு முழு வாக்கியமாகப் பேசிப் பழகுங்கள். விண்ணப்பித்த பதவியின் கடமைகள் என்ன, அது எந்த அமைச்சின் கீழ் வருகிறது என்பதைப் படித்துக்கொள்ளுங்கள். 1970 ஆகஸ்ட் 31-ஆம் தேதி பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளையும் தெரிந்து வைத்திருங்கள். அவற்றை ஒப்புவித்தால் மட்டும் போதாது, பொருளும் சொல்லத் தெரிய வேண்டும்.

தனியார் வேலைக்கு நம் மாவட்டத்திலேயே பெங்கேராங் இருக்கிறது. பெட்ரோனாசும் சவூதி அராம்கோவும் 2018 முதல் பங்காளிகளாக இருக்கும் அங்குள்ள சுத்திகரிப்பு ஆலை, நாளொன்றுக்கு 3 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் கொண்டது. அதைச் சுற்றியுள்ள குத்தகை நிறுவனங்களில் கேட்கக்கூடிய கேள்விகள் எளிமையானவை. "இரவு ஷிப்ட் வருவீர்களா? எங்கே தங்குவீர்கள்? எப்படி வந்து போவீர்கள்?" கோத்தா திங்கி நகரிலிருந்து பெங்கேராங் பக்கத்தில் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். "பார்த்துக்கலாம்" என்று சொல்லாமல், வாகனமா வாடகை அறையா என்பதை வீட்டில் முடிவு செய்துவிட்டுப் போங்கள். சிங்கப்பூர் வேலை என்றால் ஆங்கிலத்தில் பதில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள்

எங்கள் தொழிலில், செய்தியை ஒருமுறையாவது வாய்விட்டுப் படிக்காமல் கேமராவுக்கு முன் உட்காருவதில்லை. மனசுக்குள் படிப்பது வேறு, நாக்கு பழகுவது வேறு. கைப்பேசியை எதிரே வைத்து, உங்களைப் பற்றி ஒன்றரை நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். பிறகு போட்டுக் கேளுங்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல் காதில் விழுகிறதா? 'வந்து... வந்து...' எத்தனை முறை வருகிறது? ஒரு வாரம் தினமும் செய்து பாருங்கள், மாற்றம் உங்களுக்கே தெரியும். ஆனால் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு வரி மறந்தால் எல்லாமே நின்றுவிடும்.

தெரியாத கேள்வி வந்தால், "மன்னிக்கவும், அது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்கிறேன்" என்று முகம் பார்த்துச் சொல்லுங்கள். சுற்றி வளைத்தால் அடுத்த கேள்வியிலேயே பிடித்துவிடுவார்கள்.

சம்பளம் கேட்டால்?

"நீங்கள் கொடுப்பதைக் கொடுங்கள்" என்று சொல்லாதீர்கள். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் என்பது 2025 பிப்ரவரியில் தொடங்கி, அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் சிறிய முதலாளிகளுக்கும் பொருந்துகிறது. 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரமே சாதாரண வேலை நேரத்தின் உச்சவரம்பு. மிகைநேரச் சம்பளம், ஊழியர் சேமநிதி, பெர்கேசோ பற்றிப் பணிவாகக் கேட்பது தவறே இல்லை. ஆனால், வேலை தருகிறோம் என்று சொல்லி முன்பணம் கேட்பவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

மைகார்டு, அசல் சான்றிதழ்கள், நகல்கள் எல்லாவற்றையும் முதல் நாளே ஒரே கோப்பில் வையுங்கள். அரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். துவைத்துத் தேய்த்த சட்டை போதும், புதுச் சட்டை தேவையில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. நேர்முகத் தேர்வுக்கு முதல் பயிற்சி உங்கள் சாப்பாட்டு மேசையில்தான். "இன்னிக்கு என்ன செஞ்சே, ஏன் அப்படி செஞ்சே?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லி முடிக்கும் வரை இடையில் நீங்கள் பதில் சொல்லாதீர்கள். வீட்டில் ஐந்து நிமிடம் பேச இடம் கிடைக்காத பிள்ளை, அந்நியர் முன்னால் எப்படிப் பேசும்?

தம்பி தங்கைகளே, முதல் முறையே வேலை கிடைக்காமல் போகலாம். அன்று இரவே அங்கே கேட்ட கேள்விகளை எழுதி வையுங்கள். அடுத்த அறைக்கு நீங்கள் வெறுங்கையோடு போக மாட்டீர்கள். பெரியவர்களிடம் காட்டும் மரியாதை அப்படியே இருக்கட்டும். உங்கள் உழைப்பைப் பற்றி உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். வாழ்த்துகள்.