கந்தை சுற்றிய பாலகனின் திருநாள்

(கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்னர் திருவனந்தபுரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பாளையத்திலிருந்து கிழக்கேகோட்டை வரையில் கடைகளெல்லாம் மின்சார நட்சத்திரங்களால் பிரகாசிக்க, சாலைக் கம்போளத்தில் கால் வைக்க இடமின்றி ஜனங்கள் நெருக்கிக்கொண்டு போக, ஊரெல்லாம் பண்டிகைக் கோலம் பூண்டிருக்கும் இந்த வேளையில், "இவ்வாண்டு செலவைக் குறையுங்கள், ஆடம்பரத்தை விடுங்கள்" என்று சொல்வதற்காக ஒருவன் மேடை ஏறுவது சிலருக்கு அபசகுனமாகத் தோன்றக்கூடும். நான் பண்டிகைக்கு விரோதியல்ல. பண்டிகையின் மேல் உள்ள பிரியத்தினாலேயே பேச வந்திருக்கிறேன். யாருக்காக இந்தத் திருநாள் உண்டாயிற்றோ, அவர்களே இன்றைக்கு இது வருவதைக் கண்டு அஞ்சுகிறார்கள். டிசம்பர் மாதம் பிறந்ததும் கூலி வேலை செய்யும் தகப்பன் ஒருவன் முதலில் நினைப்பது பெத்லகேமை அல்ல; வட்டிக்குப் பணம் கொடுப்பவன் வீட்டைத்தான். இந்த நிலைமையைப் பண்டிகை என்று ஒப்புக்கொள்ள என் மனம் இசையவில்லை.

ஆகையால் என் பேச்சின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் சபையில் எல்லாரிலும் ஏழையான குடும்பம், ஒருவரிடமும் கடன்படாமல், ஒருவர் முன்னும் தலை குனியாமல், எந்த அளவில் கிறிஸ்துமஸைக் கொண்டாட முடியுமோ, அந்த அளவே நம் எல்லாருக்கும் அளவாக இருக்க வேண்டும். அதற்கு மேல் வசதி படைத்தவர்கள் தங்கள் மிகுதியை அலங்காரமாக அல்ல, தானமாகவே வெளிப்படுத்த வேண்டும்.

இதை மற்ற ஊரார் மறந்தாலும், தென் திருவிதாங்கூர்ச் சபையின் வழிவந்த நாம் மறக்க நியாயமில்லை. 1806-ஆம் ஆண்டு ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானிய மிஷனெரி, மயிலாடி வேதமாணிக்கத்தின் வேண்டுதலின்படி இந்நாட்டிற்கு வந்தார். தமக்குக் கிடைத்த சம்பளத்தை ஏழைகளுக்கே செலவிட்ட அந்த மனிதர், பத்தாண்டு உழைத்து உடல் நலிந்து 1816-இல் இந்நாட்டை விட்டுப் புறப்பட்டபோது, ஆயிரக்கணக்கான மைல் கடற்பயணம் போகவேண்டியவராயிருந்தும், நல்ல மேற்சட்டைகூட இல்லாத கோலத்தில் இருந்தார் என்று சென்னையில் அவரைக் கண்ட மிஷனெரி ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். அவர் வந்து நூறு ஆண்டு நிறைந்த 1906-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டதுதான், இதோ எல்.எம்.எஸ். என்னும் லண்டன் மிஷன் சங்க வளாகத்தில் மிஷனெரி சாமுவேல் மட்டீர் நினைவாக ஓங்கி நிற்கும் ஆலயம். அந்தக் கோபுரத்தின் அஸ்திவாரத்தில், சட்டையில்லாத ஒரு மனிதரின் தியாகம் புதைந்து கிடக்கிறது.

துணியைப் பற்றிப் பேச நம்மைவிட உரிமையுள்ள ஜனங்கள் யார்? நம்முடைய பாட்டிமார் மேலுடம்பை மறைக்கத் துணி உடுத்தியதற்காகச் சந்தைகளிலும் வீதிகளிலும் மேல்சாதியாரால் அடிக்கப்பட்டார்கள். அவர்கள் ஆடை கிழிக்கப்பட்டது. அவர்கள் ஜெபித்த கூரைக் கோயில்கள் கொளுத்தப்பட்டன. 1820-களில் கிளம்பிய அந்தக் கலகம் தலைமுறைக் கணக்கில் நீண்டு, 1859-இல் உத்திரம் திருநாள் மகாராஜா மேலாடைக்கு அனுமதி தந்து வெளியிட்ட பிரகடனத்தால்தான் ஒருவாறு ஓய்ந்தது. அப்போதும்கூட, மேல்சாதியார் உடுத்தும் பாணியில் உடுத்தலாகாது என்ற நிபந்தனை கூடவே இருந்தது. அதற்கு நான்கு ஆண்டு முந்தி, 1855-இல்தான் இந்த ராஜ்யத்தில் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முன்பே, நாகர்கோவிலில் மிஷனெரி மால்ட் அம்மையார் ஏற்படுத்திய பள்ளியில் லேஸ் பின்னக் கற்ற பெண்களில் சிலர், அந்த வருமானத்தைச் சேர்த்துத் தங்கள் விலையைத் தாங்களே கொடுத்து விடுதலை பெற்றார்கள் என்பதும் நம் சரித்திரத்தில் உண்டு. அப்படிப்பட்ட ஜனங்களுக்குத்தான், தேவகுமாரன் பட்டிலே பிறவாமல், துணியிலே சுற்றப்பட்டு மாட்டுத் தொழுவத்தில் கிடத்தப்பட்டார் என்ற செய்தி, செவிக்கு இனிய கதையாக அல்ல, உயிரைக் கொடுத்தாவது பற்றிக்கொள்ளவேண்டிய சத்தியமாக விளங்கிற்று.

அந்தப் பாட்டிமாரின் பேரப்பிள்ளைகளாகிய நாம் இன்று செய்வது என்ன? புத்தாடை இல்லாத காரணத்தால் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வரக் கூசி, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் நம் சபைகளில் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியவர் யாராவது இருந்தால் எழுந்து நிற்கட்டும். துணி உடுத்தினதற்காக நம்மை அவமதித்தவர்களை நாம் சரித்திரத்தில் நிந்திக்கிறோம். புதுத்துணி உடுத்தாதவர்களை ஆலயத்தின் வாசலிலேயே பார்வையால் அவமதிக்கிறோம். முன்னதைச் சாதி செய்தது. பின்னதைக் கடைவீதி நம்மைக் கொண்டு செய்விக்கிறது. அவமானம் அடைகிறவன் மட்டும் இரண்டிலும் ஏழையே.

நோன்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கேரள நாட்டிலே, நம்முடைய சிரியன் கிறிஸ்தவச் சகோதரர்கள் டிசம்பர் முதல் தேதியிலிருந்து இருபத்தைந்து நாள், மாமிசத்தையும் மதுவையும் விலக்கி நோன்பிருந்து, அதன் பிறகே ஜனன விழாவை எதிர்கொள்ளும் புராதன அனுஷ்டானத்தை உடையவர்கள். மேல்நாட்டுச் சபைகள் வழியாக நமக்குக் கிடைத்த வருகைக் காலமும் இவ்வாறே மனந்திரும்புதலுக்கும் ஆயத்தத்திற்கும் ஏற்பட்டதுதான். முன்னோர் நோன்புக்கு வகுத்த அதே இருபத்தைந்து நாளை வியாபாரிகள் இன்று விற்பனைக் காலமாக வகுத்துவிட்டார்கள். வயிற்றை ஒடுக்கி இருதயத்தை விரிக்க வேண்டிய நாட்களில், நாம் வயிற்றை விரித்து இருதயத்தை ஒடுக்கிக்கொள்கிறோம். முன்னிரவில் மதுக்கடை வாசலில் நிற்கும் வரிசையை நீங்களே பார்க்கிறீர்கள். கிறிஸ்துமஸ் கால மது விற்பனைத் தொகையை ஏதோ ஒரு சாதனையைப் போல ஆண்டுதோறும் பத்திரிகைகள் அச்சிடுகின்றன. அந்தத் தொகைக்குள், எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும், எத்தனையோ தாய்மாரின் மருந்துச் செலவும், அவர்கள் விட்ட கண்ணீரும் அடங்கியிருக்கின்றன.

இன்னொன்று, சகோதரர்களே, சொல்லாமல் விட என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. 1967-இல் ஏற்பட்ட நம் மாநில லாட்டரி, கிறிஸ்துமஸ் பெயரையே தாங்கி ஒரு பம்பர்ச் சீட்டை விற்கிறது. சில ஆண்டுகளாகச் சீட்டின் விலை 400 ரூபாய்; முதற் பரிசு 20 கோடி. அந்த வருமானத்தில் நோயாளிகளுக்குச் சகாயம் செய்யப்படுவதையும், கால் ஊனமுற்ற எத்தனையோ பேர் சீட்டு விற்றுப் பிழைப்பதையும் நான் அறிவேன். அவர்களை ஒரு சொல்லும் குறை சொல்லேன். ஆனால் சுவிசேஷத்தை வாசித்தவர்களை ஒன்று கேட்கிறேன். அங்கே சீட்டுப் போட்டவர்கள் யார்? சிலுவையின் அடியில் உட்கார்ந்து, சாகிறவரின் அங்கி யாருக்கு என்று பார்த்த போர்ச்சேவகர்கள் அல்லவா? அவருடைய பிறப்பின் பெயரால் நாம் சீட்டு வாங்கும்போது, எந்தக் கூட்டத்தாரோடு போய் உட்காருகிறோம் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். 400 ரூபாய், ஒரு நாள் கூலியில் பாதியை விழுங்கும் பணம். அதே பணம் ஓர் ஏழைப் பிள்ளைக்குச் சட்டையாகும்.

இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபங்களை நான் கேளாதவனல்லன். "ஏழைக்கும் மகிழ்ச்சி வேண்டாமா? வருஷத்தில் ஒரு நாளாவது அவன் வயிறாரச் சாப்பிட்டு, பிள்ளைகளுக்கு நல்லது வாங்கிக் கொடுக்கக் கூடாதா?" என்கிறார்கள். வேண்டும்; அதற்காகவே வாதாடுகிறேன். ஆனால் மகிழ்ச்சி கடையில் மட்டுமே கிடைக்கும் என்று அவனுக்குக் கற்பித்தது யார்? தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடியபோது, நம் நாட்டுக் குறத்தியின் வாயிலேயே இரட்சகரின் ஊரைப் பாடவைத்தார். வீரமாமுனிவர் தேம்பாவணியில் ஒரு தச்சுத் தொழிலாளியைக் காவியத் தலைவனாக்கினார். அந்த ஆனந்தத்திற்கு ஒரு காசு செலவில்லை. அச்சப்பமும் முந்திரிக்கொத்தும் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர் கூடி, ஓர் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சுட்ட பலகாரங்கள். அவற்றைத் தட்டில் வைத்து இந்து வீட்டுக்கும் முஸ்லிம் வீட்டுக்கும் கொடுத்தனுப்பியதும், ஓணத்திலும் பெருநாளிலும் அந்தத் தட்டுகள் நிறைந்து திரும்பியதும் நம் ஊரின் சிறந்த பாரம்பரியம். அந்தத் தட்டை நான் நிறுத்தச் சொல்லவில்லை. அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட, விலைச்சீட்டு ஒட்டிய பெட்டியைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

"வியாபாரிகளின் பிழைப்பு என்னாவது?" என்று மற்றொரு கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் யாருடைய பிழைப்பு? இங்கிருந்து நாகர்கோவில் போகும் ரஸ்தாவில் பாலராமபுரம் இருக்கிறது. தமிழ்ப் பிரதேசத்திலிருந்து வந்து குடியேறிய சாலியர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் குழித்தறியில் உட்கார்ந்து நெய்யும் அந்த வேட்டியும் நேரியதும் உலகறிந்த சரக்கு. அந்தத் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துவருகையில், நாம் அவற்றைக் கடந்து போய், எங்கேயோ ஆலையில் நெய்து எங்கேயோ தைத்த சட்டையை வாங்குகிறோம். மூங்கிலைப் பிளந்து வர்ணக் காகிதம் ஒட்டி நட்சத்திரம் கட்டத் தெரிந்த கைகள் இந்த ஊரில் இன்னும் இருக்கின்றன; நாமோ அடுத்த ஆண்டு குப்பையில் சேரும் பிளாஸ்டிக்கைத் தொங்கவிடுகிறோம். எளிமை வியாபாரத்தை அழிக்காது. பணத்தைத் தூரத்து முதலாளியிடமிருந்து பக்கத்துத் தொழிலாளியிடம் திருப்பும்.

சத்திரத்தில் இடமில்லை என்ற வார்த்தையை ஆண்டுதோறும் வாசிக்கிறோமே, அது எங்கே நிறைவேறுகிறது என்று இந்த நகரத்திலேயே தேடிப் பாருங்கள். வலியதுறையில் கடலரிப்புக்கு வீடிழந்த மீனவக் குடும்பங்கள், கிடங்குக் கட்டடத்திற்குள் துணியால் தட்டி மறைத்துப் பல ஆண்டு குடியிருந்தன. 2017 நவம்பர் 30-ஆம் தேதி வீசிய ஒக்கிப் புயலில் பூந்துறை, விழிஞ்ஞம், தூத்தூர், வள்ளவிளைக் கரைகளிலிருந்து போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் கரையோர வீடுகளில் ஆர்ப்பாட்டம் இல்லாமல், அழுகையும் ஜெபமுமாகக் கழிந்தது. பெத்லகேமுக்கு மிக அருகில் அன்று நின்றவர்கள் அவர்களே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நமக்கென்றே தனியாக வைக்கப்பட்ட ஒரு கடமையும் உண்டு. மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள மண்டலப் புற்றுநோய் மையத்திற்குக் கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமைகளிலிருந்து நோயாளிகள் வந்த வண்ணமாயிருக்கிறார்கள். அவர்களோடு துணைக்கு வந்த மனைவியும் மகனும் பாஷை தெரியாத ஊரில், சிறு அறைகளிலும் வராந்தாக்களிலும் வாரக்கணக்கில் கிடக்கிறார்கள். கிறிஸ்துமஸ் அன்றைக்கும் அங்கேதான் கிடப்பார்கள். தமிழ் பேசும் சபையாகிய நம்மைத் தவிர, அவர்கள் பாஷையில் அவர்களிடம் நலம் விசாரிக்க இந்த நகரத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

ஆகவே என் யோசனைகளைச் சொல்கிறேன். முதலாவது, நம் தாய்மார் பழைய பிடியரிசி வழக்கத்தை உயிர்ப்பிக்க வேண்டும். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்பதால் எந்த வீடும் பட்டினி கிடக்காது. இன்று முதல் சேரும் அந்த அரிசியைக் கொண்டு கிறிஸ்துமஸ் அன்று ஆலய முற்றத்தில் ஓர் அசனம் நடக்கட்டும். டாக்டரும் துப்புரவுத் தொழிலாளியும் ஒரே பந்தியில், ஒரே விதமான இலையில் ஒரே குழம்பை உண்ணட்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வரக்கூடிய தமிழ்க் குடும்பங்கள் அந்தப் பந்தியில் முதலில் உட்காரட்டும். வரமுடியாதவர்களுக்குச் சோறு போகட்டும். இரண்டாவது, தன் பிள்ளைக்குத் துணி எடுக்கும் ஒவ்வொருவரும் அதே தரத்தில் இன்னொரு பிள்ளைக்கும் எடுக்க வேண்டும். அதைப் பண்டிகைக்கு முந்தியே, மேடையும் புகைப்படமும் இல்லாமல் கொடுக்க வேண்டும். கிறிஸ்துமஸ் தாத்தா என்று நாம் வேஷம் கட்டுகிற மீரா பட்டணத்து அத்தியட்சர் நிக்கோலா, ஒரு தரித்திரனுடைய மூன்று பெண்களின் விவாகத்திற்காக இரவிலே யாரும் அறியாமல் பொன்னைப் போட்டுவிட்டுப் போனார் என்பதே கர்ணபரம்பரைக் கதை. அவருடைய சிவப்பு அங்கியை எடுத்துக்கொண்டு அவருடைய மறைவை விட்டுவிட்டோம். மூன்றாவது, நம் பஜனைக் கூட்டம் வீடு வீடாகப் போகும்போது பணக்காரர் வீட்டு வாசலில் தொடங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். நோயாளியின் வீட்டிலும் விதவையின் வீட்டிலும் கரையோரத்திலும் தொடங்கட்டும். கிடைக்கும் காணிக்கையின் கணக்கைச் சபையார் முன் வாசிக்கட்டும். நான்காவது, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே மூங்கில் நட்சத்திரம் கட்டட்டும். அதை மேஸ்திரியின் பிள்ளையிடமிருந்து கணக்கரின் பிள்ளை கற்றுக்கொள்ளட்டும்.

இவை பெரிய காரியங்களல்ல. இவற்றிற்குக் கமிட்டியும் வேண்டாம், நிதியும் வேண்டாம். மனம் ஒன்று இருந்தால் போதும். நம் பாட்டிமார் அடி வாங்கியும் விடாத மேலாடையை நமக்குக் கொடுத்துப் போனார்கள். அதை யாரையும் நாணச் செய்யாமல் உடுத்துவதே நாம் அவர்களுக்குச் செலுத்தும் கடன்.

இந்த ஆண்டு கிறிஸ்துமஸ் காலையில், கடனோடு கண்விழிக்கும் வீடு நம் சபையில் ஒன்றும் இருக்கக்கூடாது. துணியில்லாக் குறையால் ஆலயத்திற்கு வராத குழந்தை ஒன்றும் இருக்கக்கூடாது. உண்ண அழைப்பாரின்றிக் கிடக்கும் தமிழ் நோயாளி ஒருவரும் இந்த நகரத்தில் இருக்கக்கூடாது. இதையே இக்கூட்டத்தின் தீர்மானமாக நான் பிரேரேபிக்கிறேன். ஒப்புக்கொள்கிறவர்கள் கை உயர்த்துங்கள். கை உயர்த்தியவர்கள் வீட்டுக்குப் போனதும் முதலில் அரிசிப் பானையைத் திறந்து ஒரு பிடி எடுத்துவையுங்கள்.