சொந்த நகரில் ஏழு நாள் பயணம்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பயண அனுபவம் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் எங்களைப் பணித்தார். காசிக்கோ காஷ்மீரத்துக்கோ நாங்கள் சென்றதில்லை. சென்ற மார்கழியில் ஏழு நாள் பம்பாயைச் சுற்றிப் பார்த்தோம், அவ்வளவே. தேவ்நாரில் முப்பதாண்டு குடியிருப்போர் பம்பாய்க்குப் பயணம் போவதாவது என்று நீங்கள் நகைக்கலாம். 1995இல் நகரின் பெயர் மும்பை என்று மாறியதும் அறிவோம். ஆனால் எங்கள் விருந்தினர் வாயில் பம்பாய் என்றே வந்தது. இவ்வுரையிலும் அப்படியே இருக்கட்டும்.

விருந்தினர் எங்கள் பெரியப்பா. நெல்லைச் சீமைச் சிற்றூரொன்றில் ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர், எண்பதைக் கடந்தவர். பம்பாயை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வந்தார்.

திங்கட்கிழமை கேட்வே ஆப் இந்தியாவுக்கு அழைத்துச் சென்றோம். 1924இல் கட்டி முடிந்த அந்த வாயிலின் வழியாகத்தான் 1948 பிப்ரவரி 28ஆம் நாள் ஆங்கிலேயரின் கடைசிப் படைப்பிரிவு வெளியேறிற்று என்று பெருமையுடன் விளக்கிவிட்டு, எலிபெண்டாவுக்குப் படகேற முனைந்தோம். திங்கட்கிழமைகளில் குகைகளை மூடிவிடுவார்கள் என்ற செய்தி எங்களுக்குப் படகுத்துறையில்தான் தெரிந்தது. "முப்பது வருஷமாக இங்கே இருக்கிறீர்கள், இது தெரியாதா?" என்றார் பெரியப்பா. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மறுநாள் சென்று கண்டோம். ஆள் உயரத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேலான மும்முகச் சிவனின் முன் பெரியப்பா நெடுநேரம் அமர்ந்திருந்தார். தீவுக்கு அப்பெயர் வரக் காரணமான கல்யானை இப்பொழுது தீவில் இல்லை. பைகுல்லாத் தோட்டத்து அருங்காட்சியகத்தின் பக்கத்தில் நிற்கிறது. அதையும் பார்த்தாக வேண்டுமென்று அவர் சொல்ல, பின்னர் அங்கே போனோம். அன்றே, 1888இல் கட்டி முடிக்கப்பட்ட விக்டோரியா நிலையத்தின் கோபுரத்தைத் தெருவின் மறுபுறத்திலிருந்து முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தோம். அங்கே இறங்கி அலுவலகத்துக்கு ஓடியவர்களேயன்றி, நின்று பார்த்தவர்கள் அல்லோம். வியாழனன்று கன்ஹேரிக் குகைகள். புத்த பிக்குகள் பாறையில் குடைந்த நீர்த்தொட்டிகளை எட்டிப் பார்த்து, "நம் ஊரில் இப்படி ஒன்று இருந்தால் கோடையில் கவலை இராதே" என்றார்.

நிற்க. வெள்ளிக்கிழமை மாட்டுங்காவில் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னோம். காப்பி அருந்திக்கொண்டிருக்கையில், அடுத்த ரயில் நிலையம் எது என்று கேட்டார். சயான், அதன் மேற்கே தாராவி என்றோம். உடனே, "பம்பாய் பதினேழுதானே?" என்றார்.

அவர் பள்ளிச் சிறுவனாயிருந்தபோது, அவ்வூரிலிருந்து பலர் தாராவித் தோல் பதனிடும் சாலைகளுக்குப் பிழைக்கப் போயிருந்தனர். அவர்கள் எழுதும் கடிதங்களை, எழுத்தறியாத தாய்மார்களுக்குப் படித்துக் காட்டியவர் இவர். ஒவ்வொரு உறையிலும் 'பம்பாய்-17' என்றிருக்கும். சுண்ணாம்புக் குழியில் நின்று கால் வெந்தவர் கதையும், மணியார்டர் எப்பொழுது வரும் என்ற கணக்கும் அவருக்கு மனப்பாடம். அந்தப் பதினேழைப் பார்க்கவே வந்தேன் என்றார்.

எங்களுக்கு வழி தெரியவில்லை. தாதருக்குப் போகும்போதெல்லாம் சயானைக் கடந்திருக்கிறோம். மேற்குப் பக்கம் இறங்கியதில்லை. ஊரிலிருந்து வருவோர் தாராவியைப் பற்றிக் கேட்டால், 'அது வேறு பக்கம்' என்று பேச்சை மாற்றியிருக்கிறோம். இங்கே அமர்ந்திருப்போரில் பலருக்கும் இது பொருந்தும் என்று எண்ணுகிறோம், பிழையானால் பொறுத்தருள்க.

சனிக்கிழமை விடியுமுன் போனோம். இட்லிப் பாத்திரங்களைத் தலையில் சுமந்து ஆடவர் நகரெங்கும் விற்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தனர். தொண்ணூறு அடிச் சாலையில் தமிழ்ப் பலகைகளைப் பெரியப்பா உரக்கப் படித்துக்கொண்டே நடந்தார். 1887இல் எழுந்த பெரிய பள்ளிவாசல், தமிழர் 1913இல் அமைத்த விநாயகர் கோயில், சௌராஷ்டிரக் குயவர்களின் சூளைகள் யாவும் நடந்தே காணும் தொலைவில் இருந்தன. தோல் பதனிடும் சாலைகள் பெரும்பாலும் போய்விட்டன; தோற்பைக் கடைகள் இருக்கின்றன.

கோயிலருகே ஒரு முதியவர் எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் தேநீர் வாங்கித் தந்தார். பெரியப்பா கேட்ட நான்கு பெயர்களில் இரண்டை அவர் அறிந்திருந்தார், இருவரும் காலமாகிவிட்டனர். பிறகு எங்களை நோக்கி, எங்கே குடியிருக்கிறீர்கள் என்றார். தேவ்நார் என்றோம். "எங்களை அனுப்பப்போகிற இடமல்லவா!" என்று சிரித்தார்.

தாராவி மறுசீரமைப்பு விதிப்படி, 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்க்கு அங்கேயே வீடு. மேல்தளத்தார்க்கு வெளியே. முதியவர் கீழே, மகன் குடும்பம் ஏணிப்படிக்கு மேலே. மறுகுடியமர்த்தலுக்கென நம் தேவ்நார்க் குப்பைமேட்டில் 124 ஏக்கரை மாநில அரசு 2024இல் ஒதுக்கிற்று. இதைச் செய்தித்தாளில் படித்தபோது, நம் வீட்டு விலை என்னாகும் என்றுதான் பேசிக்கொண்டோம். அங்கே வரப்போகிறவர்கள் யார் என்று எண்ணவில்லை.

அன்று மாலை பெரியப்பா மொட்டைமாடியிலிருந்து அந்த மேட்டைக் காட்டச் சொன்னார். 1927 முதல் நகரத்துக் கழிவு வந்து குவியும் இடம் என்றோம். 2016 ஜனவரியில் அது தீப்பற்றிப் புகைந்ததையும், பள்ளிகளை மூடியதையும், நாம் சன்னல்களை ஈரத் துணியால் அடைத்ததையும் சொன்னோம். "அதன்மேலா வீடு கட்டுவார்கள்?" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவரை ரயிலேற்றும் வரையில் அதற்கு எங்களிடம் விடையில்லை.

ஆண்டுதோறும் நம் சங்கத்துப் பேருந்து லோணாவ்ளாவுக்குப் போகிறது. இவ்வாண்டு ஒரு ஞாயிறு அது தாராவிக்குப் போகட்டும் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்த முதியவர் வழிகாட்ட இசைந்திருக்கிறார். வர விரும்புவோர் வாயிலில் வைத்திருக்கும் ஏட்டில் பெயரெழுதிச் செல்லுங்கள். காலை ஐந்து மணிக்கே புறப்பட வேண்டியிருக்கும்.