விருந்துக்கு எதை உடுத்துவது?

(பொதுக்காலம் 28ஆம் ஞாயிறு – வானொலி மறையுரை)



வீட்டுக்கு ஓர் அழைப்பிதழ் வருகிறது. திருமண வரவேற்பாக இருக்கலாம். குருவானவர் ஒருவரின் வெள்ளிவிழா இரவு விருந்தாக இருக்கலாம். நாள், நேரம், இடம் மூன்றையும் பார்த்து முடித்ததும் நம் வீடுகளில் எழும் அடுத்த கேள்வி, "எதை உடுத்துவது?" என்பதுதான். பட்டா, பருத்தியா? வேட்டி சட்டையா, கோட்டா? போன விருந்துக்குக் கட்டிய புடவையையே மறுபடியும் கட்டினால் யாராவது கவனிப்பார்களோ?

இதை அற்பக் கேள்வி என்று ஒதுக்கிவிட வேண்டாம். துக்க வீட்டுக்கு யாரும் சரிகை மின்னப் போவதில்லை. கல்யாண வீட்டுக்கு யாரும் அழுக்குச் சட்டையோடு போவதில்லை. அழைத்தவரை மதிக்கிறோம் என்பதை நாம் வாய் திறப்பதற்கு முன்பே நம் உடை சொல்லிவிடுகிறது.

ஆனால், இதே கேள்வி சில வீடுகளில் கண்ணீரோடு கேட்கப்படுகிறது. உடுத்திக்கொள்ள நல்ல துணி இல்லை என்ற ஒரே காரணத்தால், "உடம்பு சரியில்லை", "வேலை இருக்கிறது" என்று சொல்லி, விருந்துக்கு வராமலேயே இருந்துவிடும் குடும்பங்கள் நம் பங்குகளிலும் உண்டு. புதுநன்மை நாளில் தன் பிள்ளைக்கு வெள்ளை உடை எப்படித் தைப்பது என்று தூக்கம் இழக்கும் தாய்மாரும் உண்டு. அவர்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு, மத்தேயு நற்செய்தி 22ஆம் பிரிவில் உள்ள இன்றைய உவமைக்குச் செவிகொடுப்போம்.

அரசர் ஒருவர் தம் மகனுக்குத் திருமண விருந்து ஏற்பாடு செய்கிறார். அழைக்கப்பட்டவர்கள் வர மறுக்கிறார்கள். பணியாளர்கள் சாலையோரங்களுக்குச் சென்று, நல்லோர் தீயோர் என்று பாராமல், கண்ணில் பட்ட அனைவரையும் கூட்டி வருகிறார்கள். மண்டபம் நிறைகிறது. விருந்தினரைப் பார்க்க வரும் அரசர், திருமண ஆடை இல்லாத ஒருவரைக் காண்கிறார். 'எப்படி உள்ளே வந்தாய்?' என்று கேட்கிறார். அவர் வாயடைத்து நிற்கிறார். பின்னர் வெளியே தள்ளப்படுகிறார்.

இதைக் கேட்கும்போது நமக்கு உறுத்துகிறது. தெருவில் போய்க்கொண்டிருந்தவரை அழைத்து வந்துவிட்டு, 'நல்ல உடை எங்கே?' என்று கேட்பது என்ன நியாயம்? ஏழைகளின் நண்பரான இயேசுவா இப்படிப் பேசுகிறார்?

உடையைக் காட்டி மனிதரை வெளியே நிறுத்துவது நமக்குப் புதிதல்ல. 2014ஆம் ஆண்டு ஜூலை மாதம், சென்னையில் ஒரு மன்றத்தில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டி கட்டிச் சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அந்த மன்றத்தின் உடை விதியில் வேட்டிக்கு இடமில்லை. தமிழகம் கொதித்தது. அடுத்த மாதமே, வேட்டி அணிந்து வருவோரைத் தடுப்பது குற்றம் என்று தமிழக சட்டமன்றம் சட்டம் இயற்றியது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். ஒரு நீதிபதிக்கே இந்நிலை என்றால், கிழிந்த சட்டையோடு வாசலில் நிற்பவருக்காக யார் சட்டம் இயற்றுவார்கள்?

திருத்தூதர் யாக்கோபு தம் மடலின் 2ஆம் பிரிவில் இதே வாசலைத்தான் சுட்டிக்காட்டுகிறார். பொன் மோதிரமும் பளபளக்கும் உடையும் அணிந்தவர் தொழுகைக் கூடத்துக்குள் வந்தால் நல்ல இருக்கை. அழுக்குக் கந்தையோடு வருபவருக்குக் கால்மாட்டில் தரை. இப்படிச் செய்கிறவர்கள் தீய எண்ணம் கொண்ட நடுவர்கள் என்று கடிந்துகொள்கிறார். ஆகவே, துணியின் விலையைப் பார்த்து ஆளை எடைபோடும் அரசராக நற்செய்தியின் அரசரை நாம் புரிந்துகொள்ள முடியாது.

உலகமே அறிந்த ஒரு விருந்தை எண்ணிப் பார்ப்போம். ஆண்டுதோறும் டிசம்பர் 10ஆம் தேதி, சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் நொபெல் விருதாளர்களுக்காக நடைபெறும் இரவு விருந்து அது. ஆண்களுக்கு வெள்ளைக் கழுத்துப்பட்டியும் வால் வைத்த கறுப்பு கோட்டும். பெண்களுக்கு நீண்ட மாலை உடை. இல்லையேல், அவரவர் நாட்டின் மரபு உடை. கோட்டைப் பலர் வாடகைக்கு எடுத்தே அணிகிறார்கள். உலகின் பெரும் அறிவாளிகளும் அன்றிரவு இரவல் உடையில்தான் பந்தியில் அமர்கிறார்கள்!

1979ஆம் ஆண்டு டிசம்பர் 10 அன்று இரண்டு காட்சிகள். ஸ்டாக்ஹோமில், கறுப்பு கோட்டுகளுக்கு நடுவே, பாகிஸ்தான் இயற்பியல் அறிஞர் அப்துஸ் சலாம் தலைப்பாகையும் ஷெர்வானியும், முனை வளைந்த காலணியும் அணிந்து நின்றார். ஜாங் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர் தம் மண்ணை மறைக்கவில்லை. அதே நாளில், நார்வே நாட்டின் ஓஸ்லோவில், அமைதிக்கான நொபெல் விருதைப் பெற அன்னை தெரேசா வந்தார். அவர் உடுத்தியிருந்தது கொல்கத்தா தெருக்களில் உடுத்திய அதே நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவை. அவருடைய சபைச் சகோதரிகளுக்கான புடவைகளை, கொல்கத்தாவுக்கு அருகே டிட்டாகரில் தொழுநோயாளர்கள் நெய்து தருகிறார்கள். விருதையொட்டி வழக்கமாக நடைபெறும் விருந்தே வேண்டாம், அதற்கு ஆகும் பணத்தை ஏழைகளுக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார் அன்னை. அவ்வாறே விருந்து நிறுத்தப்பட்டது. அழைத்தவர்களை அவர் அவமதிக்கவில்லை. அழைக்கப்படாதவர்களை மறக்கவும் இல்லை. அன்று ஓஸ்லோவில் அன்னையைவிடப் பொருத்தமாக உடுத்தியவர் யார் என்று நாம் கேட்கலாம்.

இப்போது உவமைக்குத் திரும்புவோம். தெருவிலிருந்து வந்தவர்களில் ஒருவருக்கு மட்டுமே திருமண ஆடை இல்லை. மற்ற அனைவருக்கும் இருந்தது. அவர்களும் அதே சாலையோரத்திலிருந்து வந்தவர்களே. அப்படியானால், அந்த ஆடை பணம் உள்ளவர்களுக்கு மட்டும் கிடைக்கும் ஆடையாக இருக்க முடியாது. பிச்சை எடுப்பவரும் பெற்றுக்கொள்ளக்கூடிய ஆடை அது. அந்த மனிதர், 'ஐயா, நான் ஏழை' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்வதற்கு அவரிடம் காரணம் இல்லை. உணவு வேண்டும், ஆனால் அந்த மகிழ்ச்சியில் பங்கு வேண்டாம் என்று அவர் அமர்ந்திருந்தார்.

அந்த ஆடை எது? திருமுழுக்கா, நோன்பா, புதுமை செய்யும் ஆற்றலா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார் புனித அகுஸ்தீன். இவையெல்லாம் தீயவர்களிடமும் இருக்க முடியும் என்று தள்ளிவிட்டு, தூய உள்ளத்திலிருந்து எழும் அன்பே திருமண ஆடை என்ற முடிவுக்கு வருகிறார். திருத்தூதர் பவுலும் கொலோசையருக்கு எழுதும்போது, பரிவு, இரக்கம், மனத்தாழ்மை, பொறுமை ஆகியவற்றை உடுத்திக்கொள்ளச் சொல்லி, எல்லாவற்றுக்கும் மேலாக அன்பை அணியச் சொல்கிறார்.

ஊதாரி மகன் திரும்பி வந்த நாளையும் நினைத்துக்கொள்வோம். கந்தையோடு வந்தவனிடம், 'போய் உடை மாற்றிக்கொண்டு வா' என்று தந்தை சொல்லவில்லை. முதல்தரமான ஆடையை எடுத்துவரச் சொல்லி உடுத்திவிட்டார். மோதிரமும் மிதியடியும் அணிவித்தார். அதன் பிறகே விருந்து தொடங்கியது. நம் இறைவன் விருந்துக்கு அழைப்பவர் மட்டுமல்லர், உடுத்தியும் விடுபவர். நம் திருமுழுக்கு நாளில் நமக்கு அணிவிக்கப்பட்ட வெண்ணிற ஆடையும் அப்படிப் பெற்றுக்கொண்டதுதான்.

அன்பர்களே, அடுத்த அழைப்பிதழ் வரும்போது நாம் மூன்று காரியங்கள் செய்யலாம். முதலாவது, தூய்மையாக, இடத்துக்கு ஏற்ப, நம் வசதிக்குள் உடுத்துவோம். கடன் வாங்கிப் பட்டு எடுக்க வேண்டாம். இரண்டாவது, நாமே விருந்து கொடுக்கும்போது, உடைக்காகத் தயங்கி யாரும் வீட்டிலேயே இருந்துவிடாதபடி, நேரில் சென்று, 'நீங்கள் வந்தால் போதும்' என்று அழைப்போம். மூன்றாவது, நம் பீரோவில் ஆண்டுக்கணக்கில் மடிப்புக் கலையாமல் கிடக்கும் ஒரு நல்ல புடவையை, ஒரு வேட்டியை, புதுநன்மை உடையை, வாங்குபவர் தலை குனியாதபடி, மறைவாகக் கொடுப்போம். இன்றும் நாம் திருப்பலிப் பந்தியில் அமரப் போகிறோம். பக்கத்தில் இருப்பவரின் புடவையைப் பார்ப்பதற்கு முன், யாரோடு பேசாமல் இருக்கிறோம் என்பதைப் பார்ப்போம். அங்கேதான் நம் ஆடை கிழிந்திருக்கிறது.

மன்றாடுவோம்: இறைவா, உமது விருந்துக்குத் தகுதியற்ற எங்களையும் அழைத்தீர். எங்கள் கந்தையை நீரே மாற்றி, அன்பை எங்களுக்கு உடுத்திவிடும். உம் வாசலில் தயங்கி நிற்கும் எவரையும் நாங்கள் திருப்பி அனுப்பாதிருக்க அருள்தாரும். ஆமென்.