ரெண்டு கோடு தானே, இதுக்கா காசு?

எபிசோடுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. வண்டி ஓட்டுறவங்க மட்டும் விட்டுடுங்க. மத்தவங்க ஆள்காட்டி விரலால காத்துல ஆங்கில 'ஆர்' எழுதுங்க, பெரிய எழுத்து. இடது பக்கம் நேரா நிக்குதே ஒரு கோடு, அதை அழிச்சிடுங்க. இப்ப மேல படுக்கையா ஒரு கோடு, அதுக்குக் கீழ இன்னொண்ணு. என்ன வந்துச்சு? ₹. டீக்கடையில ஸ்கேன் பண்ணும்போது தினமும் பாக்குற அதே குறி.

இதை நான் உக்காந்து யோசிச்சதுக்குக் காரணம் ஒரு சண்டை. சண்டைன்னா கூட தப்பு. நான் மட்டும் தான் பேசினேன்.

எனக்கு ஊர் திண்டிவனம். வேலை சென்னையில, கோட் அடிக்கிறது. பாட்காஸ்ட் ஆரம்பிச்சப்ப லோகோ வேணும்னு விழுப்புரத்துல ஃப்ளெக்ஸ் டிசைன் பண்ற ஒரு அண்ணன்கிட்ட போனேன். கல்யாண பேனர்ல இருந்து கோயில் திருவிழா போஸ்டர் வரைக்கும் பண்றவரு. "ஒரு மைக் படம், பக்கத்துல பேரு, அவ்ளோதான்ணே. அஞ்சு நிமிஷ வேலை"ன்னேன். அவர் சொன்ன ரேட்டைக் கேட்டதும் வாய் தவறி, "ரெண்டு கோடு, ஒரு வட்டம், இதுக்கா இவ்ளோ?"ன்னுட்டேன்.

அவர் கோபப்படல. ஒரு பேப்பரை எடுத்து ₹ போட்டு, "தம்பி, இதுவும் ரெண்டு கோடு தான். இதைப் போட்டவரு நம்ம பக்கத்து ஆளு, தெரியுமா?"ன்னாரு. எனக்குத் தெரியல. வீட்டுக்கு வர்ற பஸ்ல தேடிப் படிச்சேன்.

உதயகுமார் தர்மலிங்கம். 1978-ல கள்ளக்குறிச்சியில பிறந்தவர். 2010-ல அவர் குறி தேர்வானப்ப கள்ளக்குறிச்சி நம்ம விழுப்புரம் மாவட்டத்துல தான் இருந்துச்சு, 2019-ல தான் தனி மாவட்டம் ஆச்சு. சென்னையில அண்ணா பல்கலைக்கழகத்துல ஆர்க்கிடெக்சர் படிச்சாரு. அப்புறம் மும்பை ஐஐடியோட டிசைன் மையத்துல மாஸ்டர்ஸ், பிஎச்டி. அவரோட ஆர்வம் எழுத்துரு, அதுலயும் குறிப்பா தமிழ் எழுத்துரு. 'பராசக்தி'ன்னு ஒரு தமிழ் ஃபாண்ட்டே வடிவமைச்சிருக்காரு.

2009-ல மத்திய நிதி அமைச்சகம் ஒரு போட்டி அறிவிச்சது. அதுவரைக்கும் ரூபாய்க்குத் தனிக் குறி கிடையாது. ஆங்கிலத்துல 'ஆர்எஸ்'னு சுருக்கி எழுதுவோம். பாகிஸ்தான், நேபாளம், இலங்கைன்னு அவங்க ரூபாய்க்கும் அதே சுருக்கம் தான். புதுக் குறி இந்தியப் பண்பாட்டைக் காட்டணும், கீபோர்டுலயும் பொருந்தணும். 3,000-க்கும் மேல டிசைன்கள் வந்துச்சு. கடைசி அஞ்சுல ஒண்ணைத் தேர்ந்தெடுத்து, 2010 ஜூலை 15-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சு. பரிசு இரண்டரை லட்சம்.

இப்ப அந்தக் குறியைப் பிரிச்சுப் பாருங்க. தேவநாகரியில 'ர', ஆங்கிலத்துல 'ஆர்'. ரெண்டுலயும் மேல ஒரு வளைவு, கீழ சாய்ஞ்ச ஒரு கால். ஆங்கில எழுத்துல நேர்க்கோட்டை எடுத்துட்டா மிச்சம் இருக்குறது ரெண்டுக்கும் பொது. அதாவது அவர் புதுசா எதையும் ஒட்டல, எதை எடுத்தா ரெண்டு எழுத்தும் ஒண்ணாகும்னு கண்டுபிடிச்சிருக்காரு. மேல் கோடு தேவநாகரியோட தலைக்கோடு. ரெண்டு கோடும் நடுவுல இருக்குற வெள்ளையும் சேர்ந்தா மூவர்ணக் கொடி, சமக்குறி மாதிரியும் இருக்கும். யூரோவுலயும் யென்லயும் கூட ரெண்டு படுக்கைக் கோடு இருக்கு, அதனால பாத்ததும் இது பணம்னு புரியுது.

அடுத்து நம்ம துறை. குறி வரைஞ்சதோட வேலை முடியல. எந்த ஃபாண்ட்லயும் அது இல்ல. மங்களூர்ல ஒரு கம்பெனி உடனே ஒரு ஃபாண்ட் வெளியிட்டுச்சு, ஒரு கீயைத் தட்டினா குறி வரும். ஆனா எதிர்ல இருக்குறவரோட கம்ப்யூட்டர்ல அந்த ஃபாண்ட் இல்லன்னா வேற எழுத்து தெரியும். 2010 அக்டோபர்ல யூனிகோட் 6.0-ல இடம் கிடைச்ச பிறகு தான் அதுக்கு நிரந்தரமா ஒரு நம்பர் வந்துச்சு. 2011-ல நாணயத்துல, 2012-ல நோட்டுல ஏறுச்சு.

2025 மார்ச்சுல தமிழ்நாடு பட்ஜெட் லோகோவுல ₹-க்குப் பதிலா 'ரூ' போட்டு நாடு முழுக்க விவாதம் ஆனது ஞாபகம் இருக்கும். அந்த அரசியலுக்குள்ள நான் போகல. ஆனா ஒரு டிசைன் கேள்வி இருக்கு. தலைக்கோடு தமிழ் எழுத்துல கிடையாது. தமிழ் மட்டும் படிச்ச ஒருத்தருக்கு ₹-ல தன் எழுத்து தெரியாது. நம்மகிட்டயும் ரூபாய்க்கு ஒரு குறி இருக்கு, ௹, யூனிகோட்லயும் இருக்கு, நாம தான் பயன்படுத்துறதில்ல. எதை எடுக்குறோம், எதை வைக்கிறோம்ங்கறது எல்லாருக்கும் ஒரே மாதிரி படாது. டிசைனர் எடுக்குற முடிவோட கனம் அது.

திரும்ப விழுப்புரம். அடுத்த வாரம் போய் மன்னிப்புக் கேட்டேன். அண்ணன் சிரிச்சுட்டு மூணு கேள்வி கேட்டாரு. யாரு பாப்பாங்க? எங்க பாப்பாங்க? எவ்ளோ சின்னதா பாப்பாங்க? மூணாவது கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. என் ஃபோனை வாங்கி பாட்காஸ்ட் ஆப்பைத் திறந்து காட்டினாரு. லோகோ அங்க கட்டைவிரல் நகத்தை விடச் சின்னது.

அப்புறம் பென்சில். கம்ப்யூட்டரைத் தொடவே இல்ல. ரெண்டு பக்கம் நிறைய சின்னச் சின்ன கட்டம், ஒவ்வொண்ணுலயும் ஒரு முயற்சி. கலர் கடைசியில தான். "கறுப்பு வெள்ளையில நிக்காதது கலர்ல நிக்காது தம்பி"ன்னாரு. எங்க பேர்ல ஒரு 'ஞ' இருக்கு. சின்னதாக்கினா அதோட சுழி அடைச்சுப் போய் கறுப்புப் பொட்டு மாதிரி ஆயிடுச்சு. அந்தச் சுழியை மட்டும் கையால திறந்து விட்டாரு. நான் ஆசைப்பட்டுக் கேட்ட பளீர் பச்சையையும் வேணாம்னுட்டாரு. ஸ்கிரீன் வெளிச்சத்தால காட்டுது, பிரிண்ட் நாலு மையைக் கலந்து காட்டுது, அந்தப் பச்சை பேனர்ல மந்தமாயிடும்னாரு. கடைசியா மைக் படத்தையும் தூக்கிட்டாரு. பாட்காஸ்ட் ஆப்புக்குள்ள இருக்குறவனுக்கு இது பாட்காஸ்ட்னு எதுக்குச் சொல்லணும்?

நான் ஒரு வாரம் மண்டையை உடைச்சு, ரெண்டு லைன் மாத்தி ஒரு பக்கைச் சரி பண்ணுவேன். மேனேஜர் வந்து "ரெண்டு லைன் தானே"ன்னு சொன்னா எனக்கு எப்படி இருக்கும்? அதையே தான் நான் அவர்கிட்ட சொல்லியிருக்கேன்.

முதல்ல சொன்ன ரேட்டையே கொடுத்தேன். ஜிபேல அனுப்பும்போது தொகைக்கு முன்னாடி அந்தக் குறி நின்னுச்சு. அண்ணன் ஸ்கிரீனைப் பாத்துட்டு, "ஆங், ரெண்டு கோடு வந்துருச்சு"ன்னாரு.

உங்க ஊர்லயும் இப்படி ஒரு அண்ணனோ அக்காவோ சிஸ்டம் முன்னாடி உக்காந்திருப்பாங்க. அடுத்த தடவை பேனருக்குப் போனா ரேட்டைக் கேக்குறதுக்கு முன்னாடி, அவங்க கேக்குற கேள்விக்குப் பதிலை யோசிச்சுட்டுப் போங்க. அடுத்த வாரம் பாப்போம் மக்களே.