எருக்குழியில் தானே முளைத்தவை

ஐப்பசி மழை இரண்டு நாள் நின்று பெய்து ஓய்ந்ததும், கொல்லையில் சமையலறைக் கழிவைக் கொட்டிவைக்கும் எருக்குழியை எட்டிப் பாருங்கள். யாரும் விதைக்காத நாற்றுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். தக்காளி, பரங்கி, மிளகாய், பப்பாளி என்று ஒரு சிறு நாற்றங்காலே அங்கே உருவாகியிருக்கும். பல வீடுகளில் எருவைப் புரட்டும்போது இவையும் மண்வெட்டிக்கு இரையாகிவிடுகின்றன. இவற்றை இனங்கண்டு, வேண்டியதை நிறுத்தி, வேண்டாததைக் களைந்து வளர்ப்பதும் தோட்டக்கலையில் ஒரு தேர்ச்சிதான். விதை வாங்கி விதைப்பதைவிட இதற்குக் கூர்மையான கண் வேண்டும் என்றே நான் சொல்வேன்.

எரு நன்றாக வெந்தால் அதில் எதுவும் முளைக்கக் கூடாது என்பார்கள். அது சரிதான். வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்ட் 1920-களில் இந்தூரில் வகுத்த முறையில், இலைதழையும் சாணமும் அடுக்கடுக்காய்க் குவித்து, ஈரம் காத்து, இடையிடையே புரட்டிவிடுவார்கள். அப்படிப்பட்ட குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். அந்தச் சூடு சில நாள் நீடித்தால் பெரும்பாலான விதைகள் செத்துப்போகும். ஆனால் அவ்வளவு சூடு ஏற, குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஏறக்குறைய 3 அடியாவது இருக்க வேண்டும். நம் வீட்டில் சேர்வதோ அன்றாடம் ஒரு கிண்ணம் காய்கறித் தோல். அது சூடு பிடிப்பது அரிது. பிடித்தாலும் ஓரங்கள் ஆறியே கிடக்கும். விதைகள் பிழைப்பது அங்கேதான். விற்பனைக்கு எரு செய்பவருக்கு இது குறை. வீட்டுத் தோட்டக்காரருக்கு அப்படியில்லை. சூடேறாத குவியலும் மக்கி நல்ல எருவாகும், நாள்தான் கூடுதலாகும்.

எருக்குழியில் எது முளைக்கிறது, எது முளைப்பதில்லை என்று கவனித்தால் நம் சமையல் பழக்கமே தெரியும். கத்தரி, வெண்டை, பீர்க்கு, வெள்ளரி எல்லாம் அநேகமாக முளைப்பதில்லை. அவற்றைப் பிஞ்சாகவோ இளங்காயாகவோ பறித்துவிடுகிறோம், விதை முற்றியிருக்காது. தக்காளி, பரங்கி, பப்பாளி, முலாம்பழம் ஆகியவை முற்றிப் பழுத்த பிறகே நம் கைக்கு வருகின்றன. மிளகாயிலும் பச்சை பெரும்பாலும் முளைக்காது, பழுத்துச் சிவந்தது முளைக்கும்.

தக்காளி விதையைச் சுற்றி வழுவழுப்பான ஓர் உறை உண்டு. பழத்துக்குள்ளேயே முளைத்துவிடாமல் அது விதையைத் தடுத்து வைக்கிறது. விதை எடுப்பவர்கள் பழக்கூழை ஓரிரு நாள் புளிக்கவைத்துக் கழுவுவது இந்த உறையை நீக்கத்தான். எருக்குழியில் அந்த வேலையை நுண்ணுயிர்கள் தாமாகவே செய்து முடித்துவிடுகின்றன. பப்பாளி விதை மீதும் ஒரு சவ்வு இருக்கிறது, அதற்கும் இதே கதைதான். தடை நீங்கி, ஈரமும் கதகதப்பும் கிடைத்ததும் விதை விழித்துக்கொள்கிறது.

முளைத்ததை அடையாளம் காண முதல் இரண்டு இலையைப் பாருங்கள். பரங்கிக்கு அவை தடித்து, அகன்று, முட்டை வடிவில் இருக்கும். தக்காளிக்கு ஒடுங்கி நீண்டிருக்கும்; அடுத்து வரும் இலையைக் கசக்கினால் தக்காளி வாசனை கையில் ஒட்டும். மிளகாய்க்கு அந்த வாசனை கிடையாது, இலை வழவழவென்று இருக்கும். தக்காளி, மிளகாய் நாற்றை நாலைந்து இலை விட்டதும் பிடுங்கி வேறிடத்தில் நடலாம். பரங்கியை நகர்த்தாதீர்கள், வேர் அசைந்தால் வாடிவிடும். பப்பாளியைச் சின்னதாக இருக்கும்போதே வேரோடு மண்ணும் சேர்த்து எடுத்து, தண்ணீர் தேங்காத மேட்டில் வைக்க வேண்டும்.

பரங்கியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐப்பசியில் முளைத்த கொடி மார்கழிக்குப் பூத்துவிடும். கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் வைக்கும் மஞ்சள் பூ அதே குப்பைமேட்டிலிருந்து வந்துவிடும். முதலில் வருவன எல்லாம் ஆண் பூக்கள். பூக்கிறது, காய்க்கவில்லையே என்று அந்த நேரத்தில் கொடியை அறுத்துவிடுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள். காம்பில் சிறு உருண்டைப் பிஞ்சோடு பெண் பூ பின்னால் வரும். கோலத்துக்கு ஆண் பூவைப் பறித்தால் போதும், அதிலும் சிலவற்றைத் தேனீக்களுக்காக விட்டுவையுங்கள்.

இனி இதன் குறைகள். கடைத் தக்காளி பெரும்பாலும் கலப்பினம். அதன் விதையில் வரும் செடிகள் ஒன்றுபோல் இருக்காது. ஒன்று சிறுத்தும், ஒன்று புளித்தும், ஒன்று அருமையாகவும் காய்க்கும். ரசத்துக்கு அந்தப் புளித்த பழத்தை நான் விரும்பியே எடுப்பேன். இலை சுருண்ட தக்காளியை மட்டும் இரக்கப்படாமல் பிடுங்கிவிட வேண்டும், வெள்ளை ஈ அந்த நோயைப் பக்கத்துச் செடிகளுக்குக் கொண்டுபோகும்.

இவற்றைவிடப் பெரிய எச்சரிக்கை சுரைக்கும் பரங்கிக்கும் வெள்ளரிக்கும் உரியது. அக்கம்பக்கத்தில் பேய்ச்சுரை இருந்தால், தேனீ அதன் மகரந்தத்தை நல்ல சுரைக்குச் சேர்த்துவிடும். அந்தக் காயின் விதையில் வரும் செடி கசப்பாய்க் காய்க்கலாம். அந்தக் கசப்பு நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வல்லுநர் குழுவும் அறிவுறுத்தியிருக்கிறது. தானே முளைத்த கொடியில் காய்த்தால் ஒரு சிறு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, கொடியோடு அகற்றிவிடுங்கள்.

தானே முளைத்ததைப் பேணும் இந்தப் பழக்கத்துக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கக்கூடும். அமெரிக்கத் தாவரவியலாளர் எட்கர் ஆண்டர்சன் 1952-இல் வெளிவந்த தம் நூலில், மனிதன் வேளாண்மையைக் கற்றதே குப்பைமேட்டிலிருந்துதானோ என்று கேட்டார். உண்டு எறிந்த விதைகள் குடியிருப்பின் ஓரத்துச் செழிப்பான மண்ணில் முளைத்தன; அவற்றில் நல்லதைக் காத்து வைத்ததே பயிர்த்தொழிலின் தொடக்கமாக இருக்கலாம் என்பது அவர் எண்ணம். அது ஒரு கருதுகோள்தான், முடிந்த முடிவு அல்ல. ஆனாலும் எருக்குழியோரம் குனிந்து நாற்று பார்க்கும்போது எனக்கு அது நம்பத்தக்கதாகவே படுகிறது.

நேயர்களே, அடுத்த முறை எருவைப் புரட்டும்போது ஒரு மூலையை மட்டும் தொடாமல் விடுங்கள். முளைத்தவற்றில் திடமான இரண்டோ மூன்றோ போதும், மற்றவற்றைக் கிள்ளி எருவிலேயே போட்டுவிடலாம். பார்த்தீனியம் போன்ற களைகளைப் பூக்கும் முன்பே வேரோடு எடுத்துவிடுங்கள், பூத்ததை எருக்குழியில் போடாதீர்கள்.