பாடநூலில் ஒரு சதுரம்

உங்கள் பிள்ளையின் பாடநூலைப் புரட்டிப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையுமாய்ச் சின்னச் சின்னச் சதுரங்கள் இருக்கும். கியூஆர் கோடு. 2018-இல் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தபோது தமிழ்நாட்டில் இவையும் சேர்ந்தே வந்தன. கைபேசியில் தீக்‌ஷா செயலியைத் திறந்து இந்தச் சதுரத்தைக் காட்டினால், பாடத்துக்கான காணொலி கிடைக்கும். எடுத்துக்காட்டாக, இதயத்தைக் கரும்பலகையில் எவ்வளவு அழகாக வரைந்தாலும் துடிக்க வைக்க முடியாதே! காணொலியில் இதய வால்வு திறந்து மூடுவதைக் கண்ணால் பார்த்த பிள்ளை, மறுநாள் வகுப்பில் கேள்வி கேட்கும். ஆசிரியருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால், பல வீடுகளில் இருக்கும் ஒரே கைபேசியும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. பெற்றோரே, இன்று மாலை வீடு திரும்பியதும் கால்மணி நேரம் அதைப் பிள்ளையிடம் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள்.